எல்லையில் நிற்கிற மக்காச்சோள லாரிகள்: ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து விவசாயம் பார்க்க முடியுமா?

எல்லையோரம் எழுதியது:

போன வாரம் இன்னொரு இழையில் "ஆப்பிரிக்காவில் இவ்வளவு நிலம் இருந்தும் ஏன் பட்டினி" என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பதில் எழுத உட்கார்ந்து, அது நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகப் போடுகிறேன். நான் உகாண்டாவில், கென்ய எல்லையில் இருக்கும் புசியா ஊருக்குப் பக்கத்தில், ஒரு தானியக் குடோனில் ஆறு வருடம் சரக்கும் கணக்கும் பார்த்தவன். எனக்குத் தெரிந்தது அந்த எல்லைதான், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் மக்காச்சோளம்தான் சோறு. நம் கோழித் தீவனத்துக்குப் போகிற மஞ்சள் இல்லை, வெள்ளை. கென்யாவில் உகாலி, உகாண்டாவில் போஷோ, மலாவியில் நசிமா, பெயர்தான் வேறு. எல்லாமே மாவைக் கொதிநீரில் போட்டுக் கிளறும் களி. இப்போது மழைக் கணக்கைப் பாருங்கள். கென்யாவின் பெரிய விளைச்சல் வடக்கு ரிஃப்ட் பள்ளத்தாக்குப் பக்கம், டிரான்ஸ் நசோயா, உவாசின் கிஷு பகுதிகளில், அக்டோபருக்கு மேல்தான் அறுவடை. உகாண்டாவில் இரண்டு போகம், முதல் போகம் ஜூன் கடைசியில் இருந்து ஆகஸ்ட் வரை வரும். தெற்குத் தான்சானியாவில் மே, ஜூன், ஜூலை. கென்யாவில் வீட்டில் மாவு தீர்ந்துபோகும் மாதங்களில் பக்கத்து இரண்டு நாட்டிலும் களம் நிறைந்து கிடக்கும். இதைவிட வசதியாக மூன்று நாடு அமைய முடியாது.

அப்படி இருந்தும் 2021 மார்ச் 5, வெள்ளிக்கிழமை, உகாண்டா, தான்சானியா இரண்டில் இருந்தும் மக்காச்சோளம் உள்ளே வரக்கூடாது என்று கென்யா ஒரு கடிதத்தில் நிறுத்தியது. அஃப்ளாடாக்சின், அதாவது பூஞ்சை நஞ்சு, அளவுக்கு மேல் இருக்கிறது என்பது காரணம். எங்கள் குடோனில் இருந்து கிளம்பிய இரண்டு லாரியும் எல்லையில் நின்றுவிட்டன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். ராத்திரி மழை வந்தது. தார்ப்பாய் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீரில் மேல் வரிசை மூட்டைகள் நனைந்து, நாலாம் நாள் கையை உள்ளே விட்டால் வெதுவெதுவென்று சூடு. பூஞ்சைக்குப் பயந்து நிறுத்திய சரக்கில் எங்கள் கண்முன்னே பூஞ்சை பிடித்தது.

ஒரு வாரத்துக்குள் தடையை எடுத்தார்கள், ஆனால் நிபந்தனையோடு. இறக்குமதி செய்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் நஞ்சு 10 பிபிபிக்குக் கீழே என்று சான்றிதழ் வேண்டும். கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஆய்வகச் செலவைத் தாங்கக்கூடிய பெரிய வியாபாரிக்குச் சரி. சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வருகிற பெண்கள் எங்கே போவார்கள்? மே மாதம் தான்சானிய அதிபர் சாமியா சுலுஹு நைரோபிக்குப் போனபோதுகூட எல்லையில் தேங்கிய மக்காச்சோளம்தான் பேச்சில் வந்தது.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம். இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் அல்லவா? கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பு ஒரு பக்கம், கண்டம் முழுவதற்குமான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் ஒரு பக்கம். 2018ல் கிகாலியில் கையெழுத்து, 2021 ஜனவரி 1ல் வர்த்தகம் தொடக்கம். நீங்கள் சொல்கிற தடை அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்திருக்கிறது!

நான் ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்கள் விடும் பிரகடனங்களை மட்டும் தேதிவாரியாகப் பார்த்துக்கொண்டு வருகிறவன். 2003 மபுட்டோவில், பட்ஜெட்டில் 10 சதவீதம் விவசாயத்துக்கு என்றார்கள். 2014 மலாபோவில், 2025க்குள் பசியை ஒழிப்போம், அறுவடைக்குப் பின் வரும் இழப்பைப் பாதியாக்குவோம், நாடுகளுக்குள்ளான விளைபொருள் வர்த்தகத்தை மூன்று மடங்காக்குவோம் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் முறையும் வைத்தார்கள், அதை நான் உண்மையாகவே பாராட்டுகிறேன். முதல் சுற்றில் 20 நாடு சரியான பாதையில் இருந்தன. அடுத்ததில் 4. மூன்றாவதில் ருவாண்டா மட்டும். 2024ல் வந்த நான்காவது அறிக்கையில் ஒன்றுகூட இல்லை. இப்போது 2025 ஜனவரியில் கம்பாலாவில் கூடி 2035 வரைக்கும் புதுத் திட்டம் போட்டிருக்கிறார்கள். உற்பத்தி 45 சதவீதம் கூட வேண்டும், 10,000 கோடி டாலர் திரட்ட வேண்டும், வர்த்தகம் மறுபடியும் மூன்று மடங்கு. எல்லையில் நின்ற உங்களுக்கு இதில் எது கண்ணில் பட்டது?

—

நாமக்கல் தோட்டம் எழுதியது:

அண்ணா, நானும் மக்காச்சோளம் போடுகிறவன். இங்கே தீவன ஆலைக்குக் கொண்டுபோனால் முதலில் மூட்டையில் குத்தூசி, அப்புறம் மீட்டர். ஈரம் 14க்கு மேலே காட்டினால் விலையைக் குறைப்பான், இல்லையென்றால் வண்டியைத் திருப்பிவிடுவான். அங்கே விவசாயி எப்படிக் காயவைக்கிறார்? மீட்டர் இருக்கிறதா? பூஞ்சை வயலிலேயே வருகிறதா, குடோனில் வருகிறதா?

—

எல்லையோரம் எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், உங்கள் கேள்விக்குத் தம்பியின் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அதனால் அதில் இருந்தே வருகிறேன்.

பூஞ்சை வயலிலேயே ஏறும், வறட்சியில் பயிர் வாடினால் இன்னும் அதிகம். ஆனால் அது பெருகி ஆளைக் கொல்லும் அளவுக்குப் போவது ஈரத்தோடு மூட்டை கட்டும்போதுதான். 2004ல் கென்யாவின் மகுவேனி, கிடுய் பக்கத்தில் 317 பேருக்கு நஞ்சேறி 125 பேர் இறந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த தானியம் இல்லை, தங்கள் காட்டில் விளைந்ததை ஈரமாக வீட்டுக்குள் வைத்துச் சாப்பிட்டவர்கள். அதனால் கென்ய அதிகாரிகள் பயப்படுவதை நான் ஒருநாளும் தப்பு சொல்லமாட்டேன். குழந்தைகள் தினம் இரண்டு வேளை சாப்பிடுகிற மாவு அது.

உகாண்டாவில் என்ன சிக்கல் என்றால், முதல் போகம் வரும்போதே பல இடங்களில் மழையும் விட்டுவிட்டுப் பெய்யும். களம் கிடையாது. நம் ஊரில் பஞ்சாயத்து போட்டுக் கொடுக்கிற உலர்களம் மாதிரி ஒன்று அந்தக் கிராமங்களில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். வீட்டு வாசலில் வெறும் மண்ணில் கொட்டுவார்கள், இல்லையென்றால் தார் ரோட்டு ஓரம். பூஞ்சை மண்ணில்தான் குடியிருக்கிறது, அதன் மேலேயே கொட்டினால்? அவசரத்துக்குப் பணம் வேண்டும், பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும், தரகர் வாசலில் வந்து நிற்பார், ஈரத்தோடு அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் போட்ட பொதுத் தரம் ஒன்று இருக்கிறது: ஈரம் 13.5 சதவீதத்துக்குள், மொத்த அஃப்ளாடாக்சின் 10 பிபிபிக்குள். எல்லா நாட்டுக்கும் ஒரே எண். சார், எனக்குக் கண்ணில் பட்ட ஒத்துழைப்பு இதுதான், இது நல்ல வேலை. ஆனால் எண் ஒன்றாக இருந்தும் உகாண்டாவில் கொடுத்த சான்றிதழை எல்லையில் மறுபடி சோதிப்பார்கள். இரண்டு முடிவும் வேறுவேறாக வரும், அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, ஏனென்றால் இந்த நஞ்சு மூட்டை முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்காது. ஒரு கை அள்ளினால் சுத்தம், பக்கத்துக் கையில் விஷம். எத்தனை மூட்டையில் குத்த வேண்டும், எப்படிக் கலந்து அரைக்க வேண்டும் என்பதை இரு தரப்பு ஆட்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே மாதிரி பழகினால் தவிர சண்டை ஓயாது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்காரும் எல்லைச் சாவடியை 2018லேயே புசியாவில் திறந்துவிட்டார்கள். கட்டடம் ஒன்றாகிவிட்டது, மாதிரி எடுக்கிற பழக்கம்தான் ஒன்றாகவில்லை.

மீட்டர் குடோனில்தான் இருக்கும், விவசாயியிடம் கிடையாது. எங்களுக்கு மூட்டை கொண்டுவரும் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். 'டக்' என்று உடைந்தால் வாங்குவார், பல் உள்ளே இறங்கினால் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவார். நாங்கள் மீட்டரில் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். உப்பு வைத்துச் சோதிக்கும் முறையும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள், பிறகு எழுதுகிறேன்.

—

விதைநெல் எழுதியது:

தரம் ஒன்றாக்குவது சரி. விதையையும் ஒன்றாக்குகிறார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கிழக்கும் தெற்குமான நாடுகள் சேர்ந்த கொமேசா கூட்டமைப்பு 2014ல் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு உறுப்பு நாட்டில் அனுமதி பெற்ற ரகம் பொதுப் பட்டியலில் ஏறிவிட்டால் எல்லா உறுப்பு நாட்டிலும் விற்கலாம். கம்பெனிக்கு ஒவ்வொரு நாட்டிலும் இரண்டு மூன்று பருவம் சோதனை போடும் செலவு மிச்சம். ஆனால் அந்தப் பட்டியலில் ஏற, பயிர் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பாட்டி மூன்று தலைமுறையாகப் பிரித்து எடுத்து வைத்த கேழ்வரகு அப்படி இருக்குமா? நாம் சாப்பிடும் கேழ்வரகே எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலத்தில் இருந்து வந்ததுதான், நினைவிருக்கட்டும். எந்தச் சட்டமும் இல்லாமல், கையில் இருந்து கைக்கு மாறித்தான் அது கடல் தாண்டி நம் அடுப்புக்கு வந்தது. கூட்டு வளர்ச்சி என்ற பெயரில் கைமாற்றை மூடிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

—

எல்லையோரம் எழுதியது:

விதைநெல், உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மறுபாதியைச் சொல்லியாக வேண்டும். வறட்சி தாங்கும் ஒரு ரகம் ஒரு நாட்டில் நன்றாக வந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் அதே மண், அதே மழை உள்ள விவசாயிக்கு வர வருடக்கணக்கில் ஆனால் நஷ்டம் அவருக்குத்தான். தான்சானியாவில் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். விவசாயிகளே விதை பெருக்கி, அதிகாரி வந்து கொஞ்சம் பார்த்து, 'தரம் உறுதி சொல்லப்பட்ட விதை' என்று தங்கள் வட்டாரத்தில் விற்கலாம். பட்டியலும் இருக்கட்டும், இதுவும் எல்லை தாண்டட்டும் என்றுதான் நான் கேட்பேன். புசியாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மொழி பேசுகிற, கல்யாண உறவுள்ள குடும்பங்கள். அவர்களுடைய விதை மட்டும் ஏன் ஒளிந்து போக வேண்டும்?

—

சிற்றாறு எழுதியது:

எல்லோரும் வியாபாரி பக்கம் இருந்தே பேசுகிறீர்கள். கென்ய விவசாயி பக்கம் யார் நிற்பது? ரிஃப்டில் அறுவடை நடக்கும்போது உகாண்டா சரக்கு மலிவாக இறங்கினால் அவன் மூட்டை விலை படுத்துவிடும். நம் ஊரில் வெங்காயம், தக்காளிக்கு இதே கதைதான் பார்க்கிறோம். எல்லையை மூடச் சொல்லி விவசாயியே கேட்டால் அதில் என்ன தப்பு?

—

எல்லையோரம் எழுதியது:

தப்பே இல்லை, அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ரிஃப்டில் இருக்கும் கிடாலேயில் ஒரு விவசாயியோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். உரம் எல்லாம் கப்பலில் வந்து மொம்பாசாவில் இறங்கி, லாரியில் மேலே ஏறி வருவது. ஏக்கருக்கு அவர் செலவு உகாண்டாக்காரரைவிட எங்கேயோ இருக்கிறது. உகாண்டாவில் பெரும்பாலோர் உரமே போடுவதில்லை, மண்ணில் இருக்கிற சத்தைச் சாப்பிட்டே விளைகிறது, அதனால்தான் மலிவு. அது இன்னும் எத்தனை வருடத்துக்கு? 2006ல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, ஹெக்டேருக்கு 50 கிலோ உரச்சத்து என்று இலக்கு வைத்தார்கள், 2015க்குள். மிகப் பெரும்பாலான நாடுகள் அதன் கிட்டேகூட வரவில்லை. ஒவ்வொரு நாடும் தனித்தனியாகச் சின்னச் சின்னக் கப்பலாக வாங்கினால் விலை எப்படிக் குறையும்? சேர்ந்து வாங்க வேண்டும் என்று நான் நினைக்கிற முதல் பொருள் உரம்தான். கென்ய விவசாயியின் செலவு குறைந்தால் அவருக்கு எல்லையைப் பார்த்து இவ்வளவு பயம் இருக்காது.

அப்புறம், எல்லையை மூடினால் சரக்கு நிற்பதில்லை. ராத்திரியில் ஆற்றைத் தாண்டும், யாரும் சோதிக்காமல். எனக்கு அதுதான் பயம்.

—

லிலாங்வே மழை எழுதியது:

வணக்கம். கணவரின் வேலை காரணமாக எட்டு வருடமாக மலாவியில் இருக்கிறேன், பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இங்கே வருடத்துக்கு ஒரே போகம். ஏப்ரல், மே மாதம் அறுவடை. டிசம்பர் கடைசியில் இருந்து மார்ச் வரை பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுவார்கள், ஆரம்பத்தில் எனக்குக் காரணம் புரியவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று உதவியாசிரியைதான் சொன்னார். 2024ல் எல் நினோ வறட்சி. பிப்ரவரி கடைசியில் சாம்பியா, மார்ச்சில் மலாவி, ஏப்ரலில் ஜிம்பாப்வே என்று வரிசையாகப் பேரிடர் அறிவித்தார்கள். மூன்றும் அக்கம்பக்கத்து நாடுகள், மூன்றிலும் ஒரே சமயத்தில் வயல் கருகினால் யார் யாருக்குக் கொடுப்பது? அப்போது சாம்பியா தான்சானியாவிடம் 6,50,000 டன் மக்காச்சோளம் வாங்க ஒப்பந்தம் போட்டது. தான்சானியாவில் நல்ல விளைச்சல். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது.

அதே தான்சானியாவோடு மறு வருடமே சண்டை. 2025 மார்ச்சில் மலாவி அந்நியச் செலாவணி இல்லை, உள்ளூர் உற்பத்தியைக் காக்க வேண்டும் என்று மாவு, அரிசி, இஞ்சி, வாழை, மக்காச்சோளம் எல்லாவற்றின் இறக்குமதியையும் நிறுத்தியது. ஏப்ரலில் தான்சானியா பதிலுக்கு மலாவி, தென் ஆப்பிரிக்கா இரண்டின் விளைபொருளையும் தடுத்தது, மலாவிக்கு உரம் போவதையும் சேர்த்து. மலாவிக்குக் கடல் கிடையாது, தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகம் இவர்களுக்கு ஒரு முக்கியமான வாசல். சில நாளில் பேசி விலக்கிவிட்டார்கள், ஆனால் அழுகிற பொருளுக்குச் சில நாளே போதும். எங்கள் சந்தையில் வாழைப்பழம் விற்கும் பெண் இரண்டு வாரம் வெறும் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மலாவியில் முன்பு வாழை நிறைய இருந்ததாம், முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்து, அதனால்தான் தான்சானியப் பழத்தை நம்பியிருக்கிறார்கள். சிறுமலை வாழை போன கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

—

நாமக்கல் தோட்டம் எழுதியது:

அக்கா, நோய் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் மரவள்ளிதான் பிரதானம், ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். 2020ல் கேரளாவில் புதுசாக ஒரு மாவுப்பூச்சி கண்டுபிடித்தார்கள், கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் எல்லாம் பரவிவிட்டது. குருத்து அப்படியே சுருண்டு கொத்தாக நிற்கும், இலை வராது. எங்கள் அப்பா மருந்து அடித்து அடித்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அப்புறம் 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குட்டிக் குளவியை விட்டார்கள். அது பெனின் நாட்டில் இருந்து வந்தது என்று அப்போது சொன்னார்கள். பெனின் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் மேப்பில் தேடினேன்.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, பெரிய விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்தக் குளவியின் கதை இந்த இழைக்குள் வந்தே ஆக வேண்டும்.

அந்த மாவுப்பூச்சி தென் அமெரிக்காவில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பக்கம், கின்ஷாசா, பிரஸ்ஸாவில் வட்டாரத்தில் நுழைந்து, நாடு நாடாக மரவள்ளியைத் தின்றுகொண்டே போனது. கோடிக்கணக்கான ஆட்களுக்கு அது சோறு. நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் (பெனினில் இருப்பது இதன் கிளை) ஹான்ஸ் ஹெரன் என்ற பூச்சியியலாளர் தலைமையில் இதற்கு எதிரியைத் தேடினார்கள். 1981ல் பராகுவேயில் அந்தப் பூச்சி கிடைத்தது, அதைத் தின்னும் குளவியும் கிடைத்தது. இரண்டு மில்லிமீட்டர்கூட வராத பூச்சி. இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்து, அந்த வருடமே நைஜீரியாவில் விட்டார்கள். பிறகு விமானத்தில் இருந்துகூட விட்டார்கள். ஒரு நாட்டில் மட்டும் விட்டால் பிரயோஜனம் இல்லை, பக்கத்து நாட்டில் இருந்து மாவுப்பூச்சி திரும்ப வரும். அதனால் நாட்டுக்கு நாடு ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அனுமதி வாங்கி, 1990களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைநிறுத்தினார்கள். 1995ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. விவசாயி ஒரு காசு கொடுக்கவில்லை, ஒரு மருந்தும் அடிக்கவில்லை.

நான் பிரகடனமாகவே படித்துப் படித்துச் சலித்திருந்தவன். இது நிஜமாக நடந்தது, 40 வருடம் கழித்து ஏத்தாப்பூர் வரைக்கும் வந்திருக்கிறது.

—

எல்லையோரம் எழுதியது:

இது எனக்குத் தெரியாது. ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். அதே இபாதான் நிறுவனம்தான் அஃப்ளாசேஃப் என்ற பொருளையும் உருவாக்கியது. நஞ்சை உண்டாக்காத அதே பூஞ்சையின் உள்ளூர் வகையை, வறுத்த சோள மணியில் பூசி, பூ எடுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஹெக்டேருக்கு 10 கிலோ வயலில் தூவுவார்கள். நல்ல பூஞ்சை இடத்தைப் பிடித்துக்கொண்டால் நஞ்சுள்ளதுக்கு இடமிருக்காது. கென்யாவில் 2015ல் பதிவானது. பொதுவாக ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வகை தேடி, தனிப் பதிவு வாங்க வருடங்கள் ஆகும். ஆனால் செனகலும் காம்பியாவும் ஒரே பொருளை இரண்டு நாட்டிலும் பதிந்துகொண்டன. கடலைக்காட்டுக்கு நடுவே கோடு போட்டமாதிரி இருக்கிற நாடுகள், வேறு எப்படிச் செய்ய முடியும்! உகாண்டாவும் கென்யாவும் இதைச் செய்தால் எல்லைச் சண்டையில் பாதி வயலிலேயே முடிந்துவிடும்.

தம்பி, உப்பு முறையைப் பிறகு எழுதுகிறேன் என்றேனே. நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டில் ஒன்று, அதில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம். இரண்டு மூன்று ஸ்பூன் உப்பு, பொடியுப்பு, வாணலியில் வறுத்து ஈரம் போக ஆறவைத்தது. மூடி போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துவிட வேண்டும். பாட்டில் ஓரத்தில் உப்பு ஒட்டினால் ஈரம் 15க்கு மேலே, இன்னும் காயவேண்டும். 13.5ஐ இது சொல்லாது, ஒட்டவில்லை என்றாலும் இன்னொரு வெயில் காட்டிவிடுங்கள்.

—

நாமக்கல் தோட்டம் எழுதியது:

அண்ணா, நாலு நாள் கழித்து எழுதுகிறேன், அறுவடை வேலை. நேற்று முன்தினம் மெஷினில் அடித்தவுடன் ஒரு பாட்டில் எடுத்துப் பார்த்தேன், உப்பு ஓரமெல்லாம் படிந்து வெள்ளையாக நின்றது. ஆலையில் காட்டினால் மீட்டரில் 17.2. இரண்டு நாள் களத்தில் கிளறிவிட்டு இன்றைக்கு மறுபடி குலுக்கினேன், உப்பு அப்படியே அடியில் இறங்கிவிட்டது. மீட்டரில் 14.1. இன்னொரு நாள் போட்டிருக்கிறேன். அந்த அம்மா கடிக்கிற மாதிரி நானும் கடித்துப் பார்த்தேன், எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அப்பா சரியாகச் சொல்கிறார்.